மலைப்பூண்டுக்குப் பேர் இருக்கு, லாபம் யாருக்கு? சைடு பிசினஸ்ல காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு பாடம்



கொடைக்கானல் போயிட்டு வந்தவங்க வீட்டு சமையலறையில ரெண்டு பொருள் கட்டாயம் இருக்கும். ஒண்ணு, பாதி சாப்பிட்ட ஹோம்மேட் சாக்லேட் டப்பா. இன்னொண்ணு, ஒரு கிலோ மலைப்பூண்டு. அதை உரிக்கும்போதே சம்பளம் வாங்குற பலருக்கும் ஒரு யோசனை வரும்: "மலையிலிருந்து நேரா வாங்கி, அழகா பேக் பண்ணி, சென்னையில ஆன்லைன்ல வித்தா என்ன? கையில 2 லட்சம் சேமிப்பு இருக்கே!"

தப்பான யோசனைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த 2 லட்சம், மாசாமாசம் எஸ்ஐபி போக, வாடகை போக, நீங்க வருஷக்கணக்கா சேர்த்த காசு. அதைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரியணும். வீடியோவுல இதை சுருக்கமா சொல்லியிருந்தேன். இங்க கணக்கோட விரிவா பார்ப்போம்.

விஷயம் இதுதான்: ஒரு பொருளோட பேர் வாங்குறவருக்கு ஒரு வாக்கு கொடுக்குது. அந்தப் பொருளைப் பத்தி நீங்க எடுக்குற ஒவ்வொரு முடிவும் அந்த வாக்கோட ஒத்துப்போகணும். ஒத்துப்போகலேன்னா, பேர் எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்தப் பேரோட லாபம் வேற யாருக்கோ போயிடும்.

ரெண்டு வார்த்தையை முதல்ல தெளிவு பண்ணிக்கலாம்

ஆபீஸ் மீட்டிங்ல இந்த ரெண்டு வார்த்தையும் அடிக்கடி காதுல விழும். பொசிஷனிங், ப்ராடக்ட் ஸ்ட்ராட்டஜி.

பொசிஷனிங்னா, வாங்குறவர் மனசுல உங்க பொருளுக்கு இருக்கற இடம். "திருநெல்வேலி"ன்னு சொன்னதும் அல்வா ஞாபகம் வருது இல்லையா, அதுதான். இதை நீங்க விளம்பரத்துல எழுதலாம், ஆனா முடிவு பண்றது வாங்குறவர்தான்.

ப்ராடக்ட் ஸ்ட்ராட்டஜின்னா, பொருளைப் பத்தி நீங்க எடுக்குற முடிவுகள். என்ன தரம், என்ன அளவு, என்ன விலை, எந்தக் கடை, எந்த வாடிக்கையாளர். முக்கியமா, எதை விக்கவே மாட்டோம்ங்கற முடிவும் இதுல அடக்கம்.

இது ரெண்டும் சேரலேன்னா என்ன ஆகும்? நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் டாடா நானோ. 2009-ல விற்பனைக்கு வந்துச்சு. சின்ன கார்ல இவ்வளவு இடமான்னு ஆச்சரியப்பட வைக்கற வடிவமைப்பு. ஆனா மக்கள் மனசுல அது "ஒரு லட்ச ரூபாய் கார்", அதாவது இருக்கறதுலயே மலிவான கார். முதல் கார் வாங்குற நடுத்தரக் குடும்பத்துக்குக் கார்ங்கறது கொஞ்சம் கௌரவமும்தான். மலிவுன்னு பேர் வாங்கின வண்டியைத் தெருவுல நிறுத்த யோசிச்சாங்க. அந்த மலிவு முத்திரை வண்டிக்கு எதிராப் போச்சுன்னு ரத்தன் டாடாவே பின்னாடி சொன்னார்.

நானோவுல பொருள் நல்லா இருந்துச்சு, மனசுல கிடைச்ச இடம்தான் தப்பு. நம்ம மலைப்பூண்டு கதை இதுக்குத் தலைகீழ்.

மலைப்பூண்டு: இடம் கிடைச்சிருச்சு, முடிவுகள்?

கொடைக்கானல் டவுனைத் தாண்டி மேல்மலைப் பக்கம் போனா பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டின்னு ஊர்கள் வரும். படிக்கட்டு மாதிரி வெட்டின வயல்கள். குளிர், மூடுபனி, மலை மண். அங்க விளையற பூண்டுக்கு வாசனையும் காரமும் தூக்கல். கந்தகச் சேர்மங்கள் அதிகம்ங்கறதுதான் இதுக்குச் சொல்லப்படற காரணம். நல்லா காயவெச்சு, புகை படற மாதிரி கட்டித் தொங்கவிட்டா நாள்பட நிக்கும். வீட்டுப் பெரியவங்க இதை "மருந்துப் பூண்டு"ன்னுதான் சொல்வாங்க.

2019-ல கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அதாவது இந்தப் பேரை இந்தப் பகுதியில விளைஞ்ச பூண்டுக்கு மட்டும்தான் வெச்சுக்கலாம்னு சட்டம் சொல்லுது. பொசிஷனிங்குக்கு இதைவிடப் பெரிய பரிசு வேணுமா? பல கம்பெனிகள் கோடிக்கணக்குல செலவு பண்ணித் தேடற இடம், இந்தப் பூண்டுக்கு ஊர்ப்பேராவே கிடைச்சிருக்கு.

இப்ப முடிவுகளைப் பாருங்க. மேல்மலையில விளையற பூண்டுல பெரிய பங்கு, மலையிறங்கி பெரியகுளம் பக்கத்துல இருக்கற வடுகபட்டி சந்தைக்குப் போகுது. அது பூண்டுக்குப் பேர்போன சந்தை. அங்க வடநாட்டுப் பூண்டும் வருது. மூட்டையாப் போகுது, எடைக்கு விலை. சந்தையை விட்டு வெளியேறும்போது அந்த மூட்டைமேல பூம்பாறைன்னோ மன்னவனூர்னோ எழுதியிருக்காது.

அப்புறம்? கடையில "மலைப்பூண்டு"ன்னு ஒரு அட்டை. உள்ள இருக்கறது நிஜமாவே மலைப்பூண்டா, இல்ல பார்க்க அதே மாதிரி இருக்கற வேற மாநிலப் பூண்டான்னு வாங்குறவருக்குக் கண்டுபிடிக்க வழி கிடையாது. பேர் கொடுத்த வாக்கு "இது மலையில விளைஞ்சது". ஆனா அதை நிரூபிக்கற மாதிரி பேக்கிங் இல்ல, தரம் பிரிக்கறது இல்ல, யார்கிட்ட இருந்து வந்ததுன்னு தகவல் இல்ல.

இதுல முக்கியமான ஒரு பாடம் இருக்கு. பேரோட லாபம், வாங்குறவருக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கறவருக்குத்தான் போகும். கடைசியா அட்டை எழுதி வைக்கறவர்தான் "மலை"ங்கற வார்த்தைக்கு விலை வாங்குறார். விளைவிச்சவருக்குக் கிடைக்கறது பூண்டுங்கற வார்த்தைக்கான விலை.

2024 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? சாதாரணப் பூண்டே கிலோ 400 ரூபாயைத் தாண்டிப் போச்சு. அந்த மாதிரி நேரத்துல எந்தப் பூண்டா இருந்தாலும் நல்ல விலை போகும், யாரும் தரத்தைப் பத்தி யோசிக்க மாட்டாங்க. விலை இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். மனசுல தனி இடம் பிடிச்ச பொருள் விலையைத் தக்கவெச்சுக்கும். எடைக்குப் போற பொருள் சந்தையோட சேர்ந்து இறங்கும்.

அதே மலை, இன்னொரு பொருள்: இங்க எல்லாம் சேர்ந்திருக்கு

கீழ்ப்பழநி மலைக்கு வருவோம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பகுதிகள்ல விளையற விருப்பாச்சி வாழைப்பழம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்கற விருப்பாச்சிங்கற ஊர்ப்பேர்தான் பழத்துக்கும். சின்னப் பழம், ஆனா நீர்ப்பதம் குறைவு, இனிப்பும் மணமும் கூடுதல்.

இந்தப் பழம் பழநி பஞ்சாமிர்தத்துக்குள்ள போகும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. பஞ்சாமிர்தம் மக்கள் மனசுல எங்க இருக்கு? முருகன் கோயில் பிரசாதம். வாங்குறவர் யாரு? பஸ்லயும் நடந்தும் வந்த பக்தர். அவர் அதை வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, சில சமயம் வெளிநாட்டுக்கே எடுத்துட்டுப் போவார். அப்படின்னா பொருள் எப்படி இருக்கணும்?

- ஃபிரிட்ஜ் இல்லாம தாங்கணும். அதனால நீர்ப்பதம் குறைஞ்ச பழம், தண்ணி சேர்க்காத செய்முறை.
- பிரசாதம்ங்கறதால சேர்மானம் எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கணும்: வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். கூடவே பேரீச்சையும் கற்கண்டும்.
- கையில தூக்கிட்டுப் போற டப்பா.
- ஏழை பக்தரும் வாங்கற விலை. பிரசாதத்துக்கு "பிரீமியம்" விலை வெச்சா அந்த இடமே உடைஞ்சு போயிடும்.

ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு இடத்துக்கு, அதாவது "ஊருக்கு எடுத்துட்டுப் போற பிரசாதம்"ங்கறதுக்கு, ஒத்துப்போகுது பாருங்க. 2019-ல பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைச்சுது. குறியீடு வந்ததால இது பேர் வாங்கல, முடிவுகள் பல தலைமுறையா ஒரே திசையில போனதால வாங்கின பேர், அதுக்கு அப்புறம் சட்டப் பாதுகாப்பு.

இன்னொண்ணும் கவனிக்கணும். விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் ஒரு காலத்துல கடுமையா தாக்குச்சு. அசுவினிப் பூச்சி மூலமா பரவற வைரஸ் நோய். மலைவாழைப் பரப்பு பெருமளவு சுருங்கிப் போச்சு. அப்புறம் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு மீட்டெடுக்கற முயற்சிகள் நடந்துச்சு. 2008 வாக்குல விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைச்சுது. பாடம் என்ன? மனசுல பெரிய இடம் இருந்தாலும், கொடுக்கறதுக்குப் பொருள் இருக்கணும். சப்ளை அறுந்தா வாக்கும் அறுந்து போகும்.

காபி சொல்ற பாடம்

அதே கீழ்ப்பழநி மலையில, வாழையோடயும் மிளகோடயும் சேர்ந்து நிழல்ல விளையற அராபிகா காபி இருக்கு. காபி வாரியம் இந்தப் பகுதியை "புல்னீஸ்"னு தனிக் காபிப் பகுதியாவே குறிப்பிடுது. தாண்டிக்குடியில வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. ஆனா நீங்க குடிக்கற ஃபில்டர் காபியில தாண்டிக்குடி கொட்டை கலந்திருந்தா உங்களுக்குத் தெரியுமா? கூர்க், சிக்மகளூர்னு சொன்னா காபி ஞாபகம் வருது. தாண்டிக்குடின்னு சொன்னா பலருக்கு ஒண்ணும் வராது. இங்க பொருள் இருக்கு, மனசுல இடம் இல்ல.

கொலம்பியாவும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு. அவங்க காபி அமெரிக்கக் கம்பெனிகளோட கலவைக்குள்ள பேரில்லாம கரைஞ்சு போயிட்டிருந்துச்சு. அங்க விவசாயிகளோட காபிக் கூட்டமைப்பு 1927-ல உருவாச்சு. 1938-ல தனி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. 1950-களோட கடைசியிலதான் "ஹுவான் வால்டெஸ்"ங்கற விவசாயி கதாபாத்திரத்தை விளம்பரத்துல கொண்டுவந்தாங்க, தோள்ல போர்வை, பக்கத்துல கோவேறு கழுதை. 2002-ல அதே பேர்ல கடைகளும் திறந்தாங்க.

வரிசையைக் கவனிங்க. முதல்ல விவசாயிகளை ஒண்ணு சேர்த்தாங்க, தரத்துக்கு ஆராய்ச்சி பண்ணாங்க. அதுக்கு அப்புறம்தான் விளம்பரம். கடைசியா, வாங்குறவர் பக்கத்துல நிக்கறதுக்குச் சொந்தக் கடை. நம்மில் பலர் சைடு பிசினஸ் ஆரம்பிக்கும்போது இதைத் தலைகீழா பண்றோம். முதல்ல லோகோ, அடுத்து இன்ஸ்டாகிராம் பேஜ், அப்புறம்தான் "சரக்கு எங்க வாங்கறது?"ன்னு தேடறோம்.

இப்ப உங்க 2 லட்சத்துக்கு வருவோம்: ஒரு கணக்கு

கீழே இருக்கற எண்கள் புரிஞ்சுக்கறதுக்காக நான் எடுத்துக்கிட்ட உதாரண எண்கள். விலை சீசனுக்கு சீசன் மாறும், உங்க எண்களைப் போட்டு நீங்களே பாருங்க.

100 கிலோ மலைப்பூண்டை, கிலோ 300 ரூபாய்க்கு வாங்கறீங்க. 250 கிராம் பாக்கெட்டா ஆன்லைன்ல விக்கறீங்க.

- பூண்டு வாங்கின செலவு: 30,000 ரூபாய்
- மலையிலிருந்து கொண்டுவர வண்டிச் செலவு: 1,500
- காயவைக்கும்போது குறையற எடை: 8 கிலோ. மீதி 92 கிலோ
- சின்னது, அடிபட்டது 17 கிலோவைப் பிரிச்சு, பக்கத்துக் கடைக்குக் கிலோ 200-க்குக் கொடுக்கறீங்க: 3,400 திரும்ப வருது
- நல்ல பூண்டு 75 கிலோ, அதாவது 300 பாக்கெட்
- பாக்கெட், லேபிள்: பாக்கெட்டுக்கு 12 வீதம் 3,600
- கூரியர்: பாக்கெட்டுக்கு 50 வீதம் 15,000
- விளம்பரம்: பாக்கெட்டுக்கு 25 வீதம் 7,500
- போற வழியில கெட்டது, திரும்பி வந்தது: 5 சதவீதம், 15 பாக்கெட்

மொத்தச் செலவு 57,600. திரும்ப வந்த 3,400-ஐ கழிச்சா 54,200. காசு கிடைக்கறது 285 பாக்கெட்டுக்கு. ஒரு பாக்கெட்டோட அடக்கவிலை சுமார் 190 ரூபாய். கிலோவுக்கு 760!

300 ரூபாய்க்கு வாங்கின பூண்டு, 760 ரூபாய்க்கு வித்தாத்தான் நஷ்டமில்லாம தப்பிக்கும். பாக்கெட் 200 ரூபாய்க்கு வித்தா மொத்த லாபம் 2,800 ரூபாய். இதுக்காக வீக்எண்ட்ல 30 மணி நேரம் உழைச்சிருந்தா, மணிக்கு 100 ரூபாய்கூட வரல. 240-க்கு வித்தா லாபம் 14,200. ஆனா 240 கொடுத்து ஒருத்தர் வாங்கணும்னா "இது நிஜமான மலைப்பூண்டு"ன்னு அவர் முழுசா நம்பணும். அந்த நம்பிக்கைதான் உங்க பொசிஷனிங்.

இங்கதான் எல்லாருக்கும் ஒரு சபலம் வரும். "தரம் பிரிக்கறதால 17 கிலோ போகுது, காயவைக்கறதால 8 கிலோ போகுது. அப்படியே பேக் பண்ணி அனுப்பிட்டா?" சரி, அதையும் போட்டுப் பார்ப்போம்.

100 கிலோவும் அப்படியே 400 பாக்கெட். வாங்கினதும் வண்டியும் 31,500, பேக்கிங் 4,800, கூரியர் 20,000, விளம்பரம் 10,000. மொத்தம் 66,300. அதே 5 சதவீதம் கெட்டுப் போனா 380 பாக்கெட், அடக்கவிலை சுமார் 174. மிச்சம் வெறும் 16 ரூபாய்! ஆனா காயாத, பிரிக்காத பூண்டுல 5 சதவீதம் மட்டுமா கெடும்? 15 சதவீதம் கெட்டுத் திரும்பினா 340 பாக்கெட்தான் காசாகும். அடக்கவிலை 195. தரத்துல கை வெச்சதால செலவு ஏறிடுச்சு. அதோட ஒரு ஸ்டார் ரிவியூ வேற.

வாக்கைக் காப்பாத்தற செலவு நாம நினைக்கற அளவுக்குப் பெருசு இல்ல. பெரிய செலவு கூரியரும் விளம்பரமும்தான், சேர்த்து பாக்கெட்டுக்கு 75 ரூபாய்.

பாக்கெட் சைஸும் ஒரு பொசிஷனிங் முடிவுதான்

அதே 75 கிலோவை 1 கிலோ பாக்கெட்டா போடுங்க. பேக்கிங் 20, கூரியர் 100, விளம்பரம் ஆர்டருக்கு அதே 25-னு வெச்சுக்குவோம். பூண்டு, வண்டி எல்லாம் சேர்த்து, திரும்ப வந்த 3,400-ஐக் கழிச்சா மொத்தம் 38,975. 4 பாக்கெட் கெட்டுப் போனா 71 மிச்சம். அடக்கவிலை கிலோவுக்குச் சுமார் 549. 760-லிருந்து 549!

"அப்ப 1 கிலோதான் பெஸ்ட்!"னு உடனே முடிவு பண்ணாதீங்க. 250 கிராம் வாங்கறவர் யாரு? மருந்துக்கு, பிள்ளை பெத்தவங்களுக்குப் பூண்டு லேகியம் கிளற, ஒரு தடவை ருசி பார்க்க வாங்கறவர். கிலோ கணக்குல வாங்கறவர் யாரு? தினமும் சமையலுக்குப் பயன்படுத்தற வீடு, இல்லேன்னா ஊறுகாய் போடறவங்க. முதலாமவர் கதையையும் நம்பிக்கையையும் பார்ப்பார். ரெண்டாமவர் பக்கத்துக் கடை விலையோட ஒப்பிடுவார். ரெண்டு பேருக்கும் ஒரே பாக்கெட், ஒரே விலை, ஒரே பேச்சு வேலைக்கு ஆகாது. யாருக்கு விக்கறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, சைஸ் தானா முடிவாகும்.

எங்க விக்கறீங்க? அதுவும் பேசும்

ஹோம்மேட் சாக்லேட்டை எடுத்துக்கோங்க. கொடைக்கானல் உயரத்துல கோகோ விளையறதில்ல. இருந்தும் "கொடைக்கானல் சாக்லேட்"டுக்கு ஒரு பேர் இருக்கு. ஏன்னா அதை மனசுல வெச்சிருக்கறது குளிர், டூர், கடைத்தெரு எல்லாம் சேர்ந்த ஞாபகம். அந்த ஊர்க் கடையில அது நல்லா போகும். அதே சாக்லேட்டைச் சென்னையில ஆன்லைன்ல வெச்சா, பெரிய கம்பெனி சாக்லேட் எல்லாத்தோடயும் போட்டி. இடம் மாறினா பொசிஷனிங்கும் மாறும்.

சரி, ஊர்லயே விக்கலாம்னா அதுக்கும் ஒரு ரிஸ்க் இருக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆச்சு. 2025 கோடை சீசனுக்கு வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு வரம்பும் வந்துச்சு. மலைக்கும் மக்களுக்கும் மூச்சு விட இடம் வேணும், அது நியாயம்தான். ஆனா டூரிஸ்ட் ஒருத்தரை மட்டுமே நம்பி கடை போடறவர், வருமானத்துக்கு மேல வேற ஒருத்தர் கையில குழாய் இருக்குன்னு புரிஞ்சுக்கணும்.

அப்புறம் சட்டம். புவிசார் குறியீடு பதிவு ஒரு கம்பெனிக்குச் சொந்தமான டிரேட்மார்க் மாதிரி இல்ல, அந்தப் பகுதி உற்பத்தியாளர்களுக்குப் பொதுவானது. லேபிள்ல அந்தப் பேரைப் பயன்படுத்தணும்னா "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்"னு பதிவு பண்ணணும். உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் பாருங்க. வேற ஊர்ப் பூண்டுக்கு அந்தப் பேர் போட்டா, சிறைத் தண்டனையும் அபராதமும் வரைக்கும் போகலாம்.

பிசினஸே வேணாம், பங்குதான் வாங்கப் போறீங்களா?

இதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கம்பெனியையும் பாருங்க. "நாங்க பிரீமியம் பிராண்ட்"னு ஆண்டறிக்கையில சொல்ற கம்பெனி, வருஷம் முழுக்கத் தள்ளுபடி கொடுக்குதா? விளம்பரச் செலவு ஏறிட்டே இருந்தும் மொத்த லாப விகிதம் இறங்குதா? டீலர்கிட்ட இருந்து வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமா வளருதா? அப்படின்னா பேர் ஒரு பக்கம், முடிவுகள் ஒரு பக்கம் போகுதான்னு தோண்டிப் பார்க்கணும். சோப்போட விலையை அப்படியே வெச்சுட்டு எடையைக் குறைக்கறது ஒரு முடிவு. சில சமயம் அது புத்திசாலித்தனம், சில சமயம் வாக்கைக் கடிச்சுத் தின்கறது. எதுன்னு தெரிஞ்சுக்க, அடுத்த ரெண்டு மூணு வருஷம் விற்பனை அளவைப் பாருங்க.

காசு போடுறதுக்கு முன்னாடி 5 கேள்வி

ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. மனசுல பதில் சொன்னா நமக்கு நாமே சலுகை கொடுத்துக்குவோம்.

1. என் பொருளோட பேர் என்ன வாக்கு கொடுக்குது? ஒரே வரியில எழுத முடியுதா?
2. அந்த வாக்கை வாங்குறவர் எப்படி சரிபார்ப்பார்? ஊர்ப்பேர், அறுவடை மாசம், யார் வயல், ஏதாவது ஒண்ணு காட்ட முடியுமா?
3. அந்த வாக்குக்காக நான் எதை விக்காம விடுவேன்? (பதில் "எதையும் விடமாட்டேன்"னு வந்தா, உங்களுக்கு பொசிஷனிங் இல்ல.)
4. கூரியர், விளம்பரம், கெட்டுப் போறது எல்லாம் சேர்த்த அடக்கவிலை என்ன? என் வாடிக்கையாளர் அதுக்கு மேல கொடுப்பாரா?
5. சரக்கு கொடுக்கறவருக்குச் சந்தையைவிட நான் கூடக் கொடுக்க முடியுமா? முடியலேன்னா, நல்ல பூண்டை அவர் ஏன் எனக்குப் பிரிச்சு வைக்கணும்?

அஞ்சாவது கேள்வியை யாரும் கேக்கறதில்ல, ஆனா எனக்குப் பிடிச்சது அதுதான். மேல்மலை விவசாயிக்கு நல்ல விலை போகலேன்னா, காயவைக்கறதும் பிரிக்கறதும் அவருக்கு வீண் வேலை. உங்க பிராண்டோட தரம் அவரோட பொறுமையிலதான் ஆரம்பிக்குது.

முதல் அடி 2 லட்சம் இல்ல, 10,000

6 மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடாதீங்க. டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி ரெண்டையும் நிறுத்தாதீங்க. இதுக்காக பர்சனல் லோன் எடுக்கவே எடுக்காதீங்க.

20 கிலோ வாங்குங்க. காயவெச்சு, பிரிச்சா 15 கிலோ வரும், அரைக்கிலோவா 30 பாக்கெட். நம்ம உதாரண விலைப்படி பூண்டு 6,000, வண்டி 500, பேக்கிங் 450, கூரியர் 70 வீதம் 2,100. மொத்தம் சுமார் 9,000. முழு விலைக்கு வில்லுங்க. "ஃபிரெண்டுக்கு ஃப்ரீ" கிடையாது, ஏன்னா ஃப்ரீயா வாங்கறவர் சொல்ற பாராட்டு கணக்குல சேராது.

ரெண்டு மாசம் பேசாம இருங்க. நீங்க ஞாபகப்படுத்தாமலே 30 பேர்ல எத்தனை பேர் "இன்னும் இருக்கா?"ன்னு கேட்டாங்கன்னு எண்ணுங்க. 10 பேர் கேட்டா, உங்க வாக்கும் பொருளும் ஒண்ணா நிக்குது, அடுத்த 50 கிலோவைப் பத்தி யோசிக்கலாம். 2 பேர் கேட்டா, எங்க இடிக்குதுன்னு அந்த 5 கேள்வியில தேடுங்க. யாருமே கேக்கலேன்னா, 9,000 ரூபாய்ல ஒரு நல்ல பாடம். மீதி 1,91,000 பத்திரமா இருக்கு இல்லையா?

இன்னைக்கு ஹோம்வொர்க்: வீட்டுல இருக்கற ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுங்க. மசாலாப் பொடி, காபித்தூள், எதுவானாலும் சரி. முன்பக்கம் என்ன வாக்கு கொடுக்குது, பின்பக்கம் சேர்மானப் பட்டியல் அதை ஆமோதிக்குதான்னு பாருங்க. அஞ்சு பாக்கெட் பார்த்தீங்கன்னா, கடையில உங்க கை போற இடமே மாறிடும்.

அடுத்த வீடியோவுல, சைடு பிசினஸ் வருமானத்துக்கு வரி எப்படிக் கணக்குப் பண்றதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும் காசை யோசிச்சுப் போடுங்க.